சிலைக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் முக்கியமான சந்திப்புகளில் தலைவர் சிலை இல்லாத இடம் குறைவு. பிறந்தநாள் நெருங்கினால் ஏணி வரும், தங்க நிற பெயிண்ட் டப்பாவும் வரும். அடியில் இருப்பது வெண்கலமா, சிமென்ட்டா, ஃபைபரா என்று பார்க்காமலே அடித்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். பூச்சுக்கு மேலே மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். கெடும் விதம் வேறு.

சிமென்ட் சிலைக்குள் இரும்புக் கம்பிக் கூடு இருக்கும். புது கான்கிரீட்டின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 12-க்கு மேல், அந்தக் காரம்தான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி அதைக் குறைக்கும். 9 வாக்கில் வந்துவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் அடைக்கும். பூச்சு மெலிந்த விரல், கைத்தடி போன்ற இடங்கள்தான் முதலில் வெடிக்கும். அந்த வெடிப்பின் மேல் சிமென்ட் அப்பி மூடினால் துரு நிற்காது, உள்ளே வளர்ந்துகொண்டே போகும். வெடிப்பிலிருந்து பெயர்ந்த துண்டைப் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் அதே கரைசல்தான். ஓரம் நிறம் மாறாமல், நடுப்பகுதி மட்டும் அடர் ரோஸ் ஆனால், ஓரத்தில் காரம் இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம்; எவ்வளவு ஆழம் வரை என்று ஸ்கேல் வைத்தே அளக்கலாம். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பிறகே ஒட்டு வேலை.

வெண்கலச் சிலையைக் குத்துவிளக்குபோல் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சைப் படலம் உலோகத்துக்குக் காவல். அதைக் கரைத்தால் புது உலோகம் வெயிலுக்கும் மழைக்கும் வெளிப்படும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள், உப்பிலுள்ள குளோரைடால் வரும் அரிப்பாக இருக்கலாம்.

ஃபைபர் சிலைக்கு எதிரி நம்மூர் வெயில். புற ஊதாக் கதிர் பாலியெஸ்டர் பிசினைச் சிதைக்க, மேலே வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு கண்ணாடி நூல் வெளியே தெரியும். பொடியைத் துடைக்காமல் அடித்த எனாமல் செதில் செதிலாக உரியும்.

வெண்கலத்தில் சாதாரண இரும்பு போல்ட் போடுவதும் தவறு. ஈரம் பட்டால் இரும்பு வேகமாக அரிபட்டுப் போகும். 1886-ல் எழுந்த நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செம்புத் தகட்டுக்கு அடியில் இருந்த இரும்புப் பட்டைகளுக்கு இதுதான் நேர்ந்தது. 1980-களில் துருவேறா எஃகு போட்டு மாற்றினார்கள்.

சந்தேகம் இருந்தால் கடுகளவு பெயிண்ட் செதிலை எடுத்து நுண்நோக்கியில் பக்கவாட்டில் பாருங்கள், எத்தனை பூச்சு ஏறியிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். இனி அடிக்கும் பெயிண்டின் வகையையும் தேதியையும் சிலைக்கென ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.