கடலிலிருந்து திரும்பிய இஞ்சினைக் கழுவி வைப்பது எப்படி? பினாங்கில் புதிதாகப் படகு வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

பினாங்கில் முதன்முறையாக அவுட்போர்டு இஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் இஞ்சின், வாங்குகிறவர் அதனுடன் வரும் கையேட்டைத் திறந்தாலும் சரி, காணொளிகளைத் தேடினாலும் சரி, உறைபனிக் காலத்துக்கு முன் இஞ்சினைத் தயார்படுத்தும் முறையே பெரிதாக எதிர்ப்படும். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978ஆம் ஆண்டில் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ்தான் என்பதால், பத்து மவுங்கிலோ தெலுக் பஹாங்கிலோ படகு வைத்திருப்பவருக்கு உறைபனி ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் அந்தப் பக்கங்களை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே சொல்லப்படும் வேலைகளில் பல இஞ்சினுக்குள் தங்கிய நீரை வெளியேற்றுவதைப் பற்றியவை. நம் ஊரில் அதே நீர் உப்போடு தங்குகிறது.

உப்பு காய்ந்துவிட்டால் கேடு செய்யாது என்று பலர் எண்ணுகிறார்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது அதற்கும் குறைந்த ஈரத்திலேயே கசியும். மழை நாள்களில் அடுக்களை உப்பு ஜாடிக்கு நேர்வதுதான் இஞ்சினுக்குள்ளும் நேர்கிறது. பினாங்கின் இரவுக் காற்றில் அந்த ஈரப்பதம் பெரும்பாலும் இருப்பதால், உள்ளே படிந்த உப்பு முழுமையாகக் காய்வதே இல்லை. அது அலுமினியத்தை இரவும் பகலும் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே, வார இறுதியில் கழுவிக்கொள்ளலாம் என்று விடாமல், கரை சேர்ந்த அன்றே கழுவிவிடுவதுதான் முறை.

கழுவுதல்

அவுட்போர்டு இஞ்சின் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கீழ்ப்பகுதியின் பக்கவாட்டில் உள்ள சல்லடைத் துளைகள் வழியாக நீர் நுழைகிறது. இம்பெல்லர் என்னும் சிறிய ரப்பர்ச் சக்கரம் அதை மேலே தள்ளுகிறது. சூடான நீரில் ஒரு பங்கு பின்புறத்துச் சிறு துவாரம் வழியாகக் கற்றையாகப் பீய்ச்சி அடிக்கிறது. இந்த நீர்க்கற்றையைப் பார்க்கும் பழக்கம் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே, தொடக்கநிலையில் உள்ளவர் இஞ்சினைப் பாதி காப்பாற்றிவிட்டார் எனலாம்.

கழுவுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டு ரப்பர்க் கிண்ணங்களை வளைந்த கம்பியால் இணைத்த ஒரு சாதனம் படகுச் சாமான் கடைகளில் கிடைக்கும். அதை நீர் நுழையும் துளைகளின் மேல் இருபுறமும் பொருத்தி, குழாயை இணைப்பது முதல் வழி. ஒரு பெரிய பீப்பாயில் நன்னீர் நிரப்பி, இஞ்சினின் கீழ்ப்பகுதியை அதற்குள் இறக்குவது இரண்டாவது வழி. பீப்பாயைப் பயன்படுத்துகிறவர், புரொப்பெல்லருக்குச் சற்று மேலே உள்ள தட்டையான தகடு மூழ்கி அதற்கு மேலும் நாலைந்து விரற்கடை நீர் நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இம்பெல்லர் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் பீப்பாயைக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், இஞ்சினுக்கு மிச்சப்படுத்திய பணத்தைச் சுகாதார அதிகாரிகளிடம் அபராதமாகக் கட்ட நேரிடும்.

எந்த வழியானாலும் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இஞ்சினை நிமிர்த்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். குழாயைத் திறந்து நீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் இஞ்சினை இயக்க வேண்டும். நீரில்லாமல் ஓடினால், அது அரை நிமிடமே ஆனாலும், இம்பெல்லரின் ரப்பர் சூடாகிக் கருகத் தொடங்கும். இயக்கியதும் பின்புறத் துவாரத்தைப் பாருங்கள். கற்றை சீராக வந்தால், வேகத்தைக் கூட்டாமல் சுமார் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். இரண்டு நிமிடம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: இஞ்சின் போதிய அளவு சூடேறினால்தான் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்பாட்டு அடைப்பான் திறக்கும், அது திறந்தால்தான் நன்னீர் சிலிண்டரைச் சுற்றியுள்ள உள்வழிகள் முழுவதிலும் பாய்ந்து, உப்பு அதிகமாகப் படியும் இடங்களைச் சென்றடையும். முடிக்கும்போது முதலில் இஞ்சினை நிறுத்தி, அதன் பிறகு குழாயை மூடுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யக் கூடாது.

பல ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின்களில் குழாயை நேராகத் திருகிப் பொருத்தத் தனி வாய் இருக்கும். அதன் வழியாகக் கழுவும்போது பெரும்பாலான மாதிரிகளில் இஞ்சினை இயக்கக் கூடாது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் கையேட்டைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து, மேல் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். போல்ட் தலைகளைச் சுற்றியும் மின்கம்பி முனைகளிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால், ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, துருத் தடுப்பு ஸ்பிரேயை மெல்லிய படலமாக அடியுங்கள். மூடிக்குள் குழாய் நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம்.

பெட்ரோல்

அடுத்த சில வாரங்களுக்குப் படகை எடுக்கப் போவதில்லை என்றால், கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள இஞ்சினில் கழுவும் வேலை முடியும் தறுவாயில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் பெட்ரோல் தீர்ந்து இஞ்சின் தானே நிற்கும். பிறகு கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, மிச்சத் துளிகளையும் ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு நுண்துளைகளை அடைத்துவிடும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள இஞ்சினை இப்படிக் காயவிடக் கூடாது.

கியர் எண்ணெய்

கீழ்ப்பகுதியில் இரண்டு திருகுகள் இருக்கும். முதலில் அடித் திருகையும், பிறகு மேல் திருகையும் கழற்றினால் எண்ணெய் வடியும். முதலில் வரும் சிறிதளவை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த தேநீரின் நிறம் தெரிந்தால், நீரைத் தடுக்கும் சீல் தேய்ந்து நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலையும் மாற்றியாக வேண்டும். புரொப்பெல்லர் தண்டில் தூண்டில் தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றிக்கொண்டு சீலை அறுப்பது மீன் பிடிக்கப் போகிறவர்களிடம் அடிக்கடி நடப்பதால், அந்த இடத்தையும் ஒருமுறை துழாவிப் பார்ப்பது நல்லது. புதிய எண்ணெயை அடித் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். மேல் திருகை முதலில் மூடுங்கள். திருகுகளுக்குப் புது வாஷர் போடுங்கள்.

அதே இடத்தில் பொருத்தியிருக்கும் துத்தநாகத் துண்டையும் கவனியுங்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அழகுக்காக அதன் மேல் சாயம் பூசினால் அது வேலை செய்யாது. மக்னீசியத்தாலான துண்டு நன்னீருக்கு மட்டுமே உரியது.

நிறுத்தி வைக்கும் நிலை

பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனமாக இருப்பதால், படகுகள் அதிக நாள் கரையில் கிடப்பது அந்த மாதங்களில்தான். இஞ்சினைக் கழற்றி வைப்பதானால் தாங்கியில் நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள்; உள்வழிகளில் எஞ்சிய நீர் தானாகவே வடிந்துவிடும். நீர் வடியும் முன்பே படுக்க வைத்தால், அது புகைவழியாகச் சிலிண்டருக்குள் ஏறக்கூடும். ஜெட்டியில் மிதக்கும் படகில் இஞ்சினை நிரந்தரமாக விட்டிருப்பவர், சிறிது நேரம் நிமிர்த்தி வடியவிட்டு, அதன் பிறகு நீருக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். இல்லையேல் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டிச் சல்லடைத் துளைகளை மூடிவிடும்.

மெல்பர்ன் போன்ற ஊர்களில் உறவினர் படகு வைத்திருந்தால், ஆண்டில் சில இரவுகள் மட்டுமே உறையும் அந்தப் பகுதிக்கும் இந்த நிமிர்ந்த நிலைதான் முதல் பாதுகாப்பு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து உலோகத்தையே பிளக்கும். வடிந்துபோன இஞ்சினில் விரிவதற்கு எதுவும் இருக்காது. கியர் எண்ணெயில் கலந்த நீர் மட்டும் விதிவிலக்கு என்பதால், அங்கே குளிர் தொடங்கும் முன்பே அதைச் சோதிக்க வேண்டும். படகுக்குள் பொருத்தப்பட்டுக் கடல்நீரால் குளிரும் இஞ்சின்களுக்கு அங்கே உறைவதைத் தடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் கலவை ஊற்றுவார்கள். பினாங்கு அவுட்போர்டுக்கு அதை வாங்குவது வீண் செலவு.

மீண்டும் கடலுக்குப் போகும் முன்

நீண்ட ஓய்வுக்குப் பிறகு இஞ்சினை முதலில் கரையிலேயே, முன்பு சொன்னபடி நன்னீரில் ஓட்டிப் பாருங்கள். நீர்க்கற்றை வரவில்லை என்றால் உடனே நிறுத்தி, தடித்த தங்கூசித் துண்டு ஒன்றைத் துவாரத்தில் நுழைத்து அடைப்பை அகற்றுங்கள். கம்பியைவிட இது நல்லது, உள்ளே எதையும் கீறாது. அதன் பின்பும் கற்றை மெலிந்தே வந்தால், இம்பெல்லரின் இதழ்கள் வளைந்த நிலையிலேயே இறுகிப் போயிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். கடல் வற்றும் வேளையில் சேறு கலங்கும் பினாங்கின் தென்கரை நீரில் ஓடும் இஞ்சின்களில் இந்தத் தேய்மானம் விரைவாகவே வரும். புது இம்பெல்லர் பொருத்திக் கற்றை பழையபடி வலுவாக அடிப்பதைப் பார்த்த பிறகே படகை நீரில் இறக்குங்கள்.