அனுபவக் கடிதத்தில் விட்டுப்போன வேலை

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு ஆறு வருடம் ஷிப்ட் போன மெக்கானிக்கல் இன்ஜினியர் நான். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி தரும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் (திறன் பெற்ற தொழிலாளர்) பிரிவுக்குத் தகுதி பெற 100க்கு 67 மதிப்பெண் வேண்டும். எனக்கு அதற்கு மேலேயே வந்தது. (யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் தரவரிசைக் கணக்கு வேறு.) விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பும் வந்தது. ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அன்று அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கோளாறு அனுபவக் கடிதத்தில். பதவி, தேதிகள், 'நன்னடத்தை', அவ்வளவுதான் இருந்தது. கனடாவின் குடியேற்ற அதிகாரிகள் பதவிப் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. செய்த வேலையைப் பார்க்கிறார்கள். பொறுப்புகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சலுகைகள் எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். அந்த வேலைகள் என்.ஓ.சி. என்ற கனடா அரசின் தொழில் வகைப் பட்டியலில் நாம் தேர்ந்தெடுத்த தொழிலோடு பொருந்த வேண்டும். குறைந்தது ஒரு வருடத் தொடர் அனுபவம், அதாவது 1,560 மணி நேரம்.

ஹெச்.ஆரில் கடித வடிவத்தை மாற்ற மறுத்துவிட்டார்கள். சரி என்று, என் பழைய ஷிப்ட் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். பம்ப் பராமரிப்பு, ஷட்டவுன் திட்டமிடல் என்று நான் உண்மையில் செய்ததை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பட்டியலிலிருந்து வரிக்கு வரி காப்பியடிக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் செய்யாதீர்கள். ஹெச்.ஆர். கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, ஏன் இரண்டு கடிதங்கள் என்ற விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்தேன். புதிய ப்ரொஃபைல், மறுபடியும் அழைப்புக்குக் காத்திருப்பு. இந்த முறை குடியேற்ற அனுமதி கிடைத்துவிட்டது.