டீபாட் வாங்கும்போது கை நழுவும் இடங்கள்

கோடை விடுமுறைக்கு இங்கிலாந்து வருகிற உறவினர்களும் நண்பர்களும் ஊர் திரும்பும்போது ஒரு டீபாட் வாங்கிப் போகிறார்கள். நல்ல நினைவுப்பொருள்தான். அதில் சிலருக்கு ஆசை பிடித்து, இரண்டாவது மூன்றாவது என்று சேர்க்கவும் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் நாங்கள் பணத்தை விட்ட அதே இடங்களில்தான் அவர்களும் விடுகிறார்கள். விலை விசாரியுங்கள், உடைசல் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்ததுதான். அதற்கு அப்பால் உள்ளவற்றை மட்டும் சொல்கிறேன்.

சிவப்பு பஸ், தொலைபேசிக் கூண்டு வடிவ டீபாட்

அடியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் சீனத் தயாரிப்பு.

பெயரைப் படித்துவிட்டு ஊரைப் படிக்காமல் விடுவது

அடிமுத்திரையில் கம்பெனிப் பெயர் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ராயல் ஆல்பர்ட்டின் 'ஓல்டு கன்ட்ரி ரோசஸ்' 1962-இல் வந்த வடிவமைப்பு. 2000-க்குப் பிறகு அதன் தயாரிப்பு இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. டீ குடிக்க இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் செய்ததுதான் வேண்டும் என்றால் முத்திரையில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அந்தச் சொல் வயதையும் காட்டும். எந்த நாட்டில் செய்தது என்று பொருளிலேயே போட வேண்டும் என்ற அமெரிக்க இறக்குமதிச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் பரவலாக வந்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. அப்படி எழுதிய பானையை 1850-ஐச் சேர்ந்தது என்று ஒருவர் விற்றால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

மூடியைத் தனியாகப் பார்க்காமல் வாங்குவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூக்கைப் பார்க்கிறார்கள், கைப்பிடியைப் பார்க்கிறார்கள், அடியைக்கூடத் திருப்பிப் பார்க்கிறார்கள். மூடியை மட்டும் யாரும் கையில் எடுப்பதில்லை.

டீபாட்டில் முதலில் உடைவது மூடிதான். கழுவும்போது நழுவும், ஊற்றும்போது விழும். பானை மட்டும் மிஞ்சும். வேறொரு பானையின் மூடி அதன்மேல் ஏறிவிடும். பழம்பொருள் வியாபாரிகள் இப்படி ஜோடி சேர்த்ததை 'மேரேஜ்' என்பார்கள். சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடலாம்.

அத்தை மகன் ஒரு சனிக்கிழமை லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சந்தையில் வெளிர்நீல ஜாஸ்பர் டீபாட் ஒன்று வாங்கி வந்தான். வெட்ஜ்வுட் கம்பெனி 1770-களில் உருவாக்கிய, மெருகு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) இல்லாத, மேலே வெள்ளை உருவங்கள் ஒட்டிய அந்த வகை. சன்னல் வெளிச்சத்தில் வைத்ததும் தெரிந்துவிட்டது: மூடியின் நீலம் ஒரு படி அழுத்தம். ஜாஸ்பரில் மண்ணிலேயே நிறம் கலந்திருக்கும். ஒவ்வொரு கலவைக்கும் அந்த நிறம் கொஞ்சம் மாறும். அதனால் பொருந்தாத மூடியை அதில் மறைக்கவே முடியாது. இதில் எனக்குத் தாங்காதது என்னவென்றால், விலைச்சீட்டிலேயே 'ஏ.எஃப்.' என்று எழுதியிருந்தது. குறையோடு, உள்ளபடியே விற்கிறோம் என்று பொருள். அவன் அதை ஏதோ கடைக் குறியீடு என்று நினைத்து, பேரம்கூடப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

மூடியைக் கையில் எடுங்கள். வெளிச்சத்தில் பானையோடு சேர்த்து நிறத்தைப் பாருங்கள். மெருகில் மெல்லிய விரிசல் வலை பானையில் இருக்க, மூடியில் மட்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பொன்வரி பானையில் தேய்ந்து மூடியில் புதிதாக மின்னினாலும் அப்படியே. திரும்ப வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் ஆடக் கூடாது. அப்புறம் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள், மூடி இதனுடையதுதானா என்று. நேராகக் கேட்டால் பலர் மறைக்க மாட்டார்கள்.

மூடியில்லாத பானையை மலிவாக வாங்கி, மூடியைப் பிறகு இணையத்தில் தேடிக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். சூளையில் மண் சுருங்கும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பானைகளின் வாய்கூட இம்மி வேறுபடும். தேடிப் பிடித்த மூடி வந்து சேர்ந்ததும், அதற்கு ஏற்ற பானையைத் தேட வேண்டியிருக்கும்.

முடிசூட்டு விழா டீபாட் விலை ஏறும் என்று நம்புவது

பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1937 மே மாதம் நடப்பதாக இருந்தது. 1936 டிசம்பரிலேயே அவர் பதவி விலகிவிட்டார். நடக்காத விழாவின் பொருள் என்பதால் அரிதாகத்தான் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்குள் பீங்கான் தொழிற்சாலைகள் ஏராளமாகச் செய்து குவித்திருந்தன; இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. 2023-இல் மூன்றாம் சார்லஸுக்காகச் செய்தவையும் ஏராளம். பிடித்தால் வாங்குங்கள், லாபத்துக்காக வேண்டாம்.

இ.பி.என்.எஸ். முத்திரையை வெள்ளி என்று எடுத்துக்கொள்வது

உலோக டீபாட்டில் காணும் அந்த எழுத்துகளுக்குப் பொருள் வெள்ளி முலாம். இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் (அசல்) வெள்ளியில் நடந்து போகும் சிங்கத்தின் முத்திரை இருக்கும்.

விற்பனை வரி (வாட்) திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடுவது

கையோடு கொண்டுபோகும் பொருளுக்கு 2021 ஜனவரி முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் கிடையாது.

லண்டனோடு திரும்பிவிடுவது

யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் போய்விடலாம். பிரிட்டிஷ் பீங்கானின் ஊர் அது. பர்ஸ்லெம் பகுதியில் உள்ள மிடில்போர்ட் பாட்டரியில் பர்லீ கம்பெனி இன்றும் மெல்லிய தாளில் அச்சிட்ட பூ வேலையைக் கையால் பானையில் ஒட்டி எடுக்கிறது. தொழிற்சாலைக் கடைகளில் சிறு பிசகு உள்ள 'செகண்ட்ஸ்' சரக்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும். பயன்படுத்தத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை.

முதல் டீபாட் எது வாங்கலாம் என்று கேட்டால் நான் பிரவுன் பெட்டி என்பேன். ஸ்டாஃபர்ட்ஷயர் செம்மண், பழுப்பு மெருகு, உருண்டை வயிறு. சூடு நிற்கும், இலை உள்ளே தாராளமாகச் சுழலும். பூவும் பொன்னும் இல்லை என்பதால் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூடியைப் பானை மேலேயே வைத்துப் பொதிவது

பயணத்தில் அது வாயில் உரசி உரசிச் சில்லு தெறிக்கும். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். பானைக்குள் காலுறைகளைத் திணியுங்கள். மூக்கையும் கைப்பிடியையும் முதலில் சுற்றிவிட்டு, பிறகு மொத்தமாக ஒரு சுற்று. கைப்பையில் கொண்டுபோவதுதான் நல்லது.