மட்கார்டு கம்பிக்குப் புதுக் காது: வீட்டிலேயே வெள்ளிப் பற்று வைக்கும் முறை

சைக்கிள் மட்கார்டைத் தாங்கும் கம்பியின் நுனியில் இருக்கும் வளையத்தைக் காது என்போம். குண்டும் குழியுமான சாலையில் முதலில் அறுவது அதுதான். இந்தச் சிறு வேலைக்கு வெல்டிங் தேவையில்லை. அதன் சூடு மெல்லிய கம்பியை எளிதில் தின்றுவிடும். இரும்பை உருக்காமல், அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கம்பியை இடுக்கில் ஓடவிட்டு இணைக்கும் பிரேசிங் போதும். கோவை லேத் பட்டறை ஒன்றில் பெரியவர் ஒருவர் எனக்கு இதைச் சொல்லித் தந்தார். "ஏனுங்க தம்பி, கம்பியச் சுடாதீங்க, இரும்பச் சுடுங்க, கம்பி தானா உருகி வந்துருமுங்க" என்றார். வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

உருக்கி ஒட்டும் கம்பியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஏசி மெக்கானிக்குகள் செப்புக் குழாய்க்குப் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த கம்பி மலிவாகக் கிடைத்ததால் அதையே வைத்து ஒட்டினேன். இணைப்பு பார்க்க அழகாக இருந்தது, பேரூர்ச் சாலையில் ஒரே குலுக்கலில் கண்ணாடி போல முறிந்தது. பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து நொறுங்கும் தன்மையுள்ள படலத்தை உண்டாக்குவதே காரணம். இரும்புக்கு 45 சதவீதம் வெள்ளி கலந்த கம்பி ஏற்றது; அது சுமார் 650 முதல் 680 டிகிரியில் உருகி ஓடும். கேட்மியம் கலந்த கம்பியின் புகை நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பதால், உறையில் கேட்மியம் இல்லை என்று உறுதி செய்துகொண்டே வாங்க வேண்டும். சூட்டில் இரும்பின் மேல் ஆக்சைடு படியாமல் காக்கும் பொடியைப் பிளக்ஸ் என்பார்கள். அதற்கு நாட்டு மருந்துக் கடை வெங்காரத்தை எடுத்தால், அது 743 டிகிரியில்தான் உருகும் என்பதால் வெள்ளிக் கம்பிக்குப் பிந்திவிடும். வெள்ளிக் கம்பிக்கென்றே விற்கும் பிளக்ஸ் பொடியை வாங்கித் தண்ணீரில் தோசை மாவுப் பதத்தில் குழைத்துக்கொள்ளலாம்.

காதுக்கு 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான வாஷர் பொருத்தமானது. அதன் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். வாஷரை மட்கார்டு கம்பியின் நுனியில் வெறுமனே முட்டவைத்து ஒட்டினால் பிடிமானம் இராது. நுனியை நெடுக்குவாட்டில் ஹாக்சா பிளேடால் 2 மில்லிமீட்டர் ஆழம் அறுத்து, துளையை மறைக்காதபடி வாஷரை அதில் செருக வேண்டும். இரு பக்கமும் இடைவெளி ஒரு தாளின் கனத்துக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலிருந்தால் உருகிய வெள்ளியைப் பிளவே உள்ளிழுத்துக்கொள்ளும். வாஷரின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சு சூட்டில் வெண்புகையாகும், அதை முகர்ந்தால் காய்ச்சல் வரும். ஆகவே உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். கம்பியின் குரோம், பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றுக்கும் அதே கதிதான்.

நெருப்பை வெறும் சிமென்ட் தரையில் காட்டாதீர்கள். ஈரம் ஆவியாகிச் சில்லுகள் தெறிக்கும். காய்ந்த தீச்செங்கற்களை மூன்று பக்கமும் சுவர்போல் அடுக்கினால் சூடும் வீணாகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றில் இந்தச் சுவர் இல்லாமல் சிறிய கேஸ் டார்ச்சால் எதையும் சிவக்க வைக்க முடியாது. அதற்காகக் கதவை அடைத்துக்கொள்ளவும் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். எரிவாயு இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதித்து, கண்ணாடி அணிந்து, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு எடுப்பது விதிக்கும் புறம்பானது.

பிளக்ஸைத் தடவிய பின், நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று அப்பால் பொருள் இருக்கும்படி பிடித்து, தடித்த மட்கார்டு கம்பியை முதலில் சுடுங்கள். மெல்லிய வாஷர் தானாகவே சூடேறிவிடும். பிளக்ஸ் முதலில் கொதித்து வெள்ளையாகப் பொங்கும், பிறகு அடங்கி, சுமார் 600 டிகிரியில் தண்ணீர் போலத் தெளிந்து பளபளக்கும். இரும்பு மங்கிய சிவப்பாவது பட்டப்பகலில் தெரியாது. நிழலில் செய்வது நல்லது. அந்தச் சிவப்பு தெரிந்ததும் நெருப்பைச் சற்று விலக்கி, வெள்ளிக் கம்பியின் நுனியைப் பிளவில் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் பளிச்சென்று உருகி உள்ளே ஓடி மறுபக்கம் மெல்லிய கோடாகத் தெரியும். உருண்டையாகத் திரண்டு நின்றால் இரும்பு இன்னும் சூடேறவில்லை. கம்பியை எடுத்துவிட்டு மீண்டும் இரும்பைச் சுட வேண்டும். உருகிய வெள்ளி சூடு மிகுந்த பக்கமே போகும் என்பதால், மறுபக்கத்தில் நெருப்பைக் காட்டி அதை அங்கே இழுக்கலாம்.

சிவப்பு மறையும்வரை அசைக்காதீர்கள். ஆறியபின் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பிளக்ஸ் கழன்றுவிடும். விட்டுவைத்தால் அது இரும்பை அரிக்கும். காதைக் குறட்டால் பிடித்துக் கம்பியை லேசாக வளைத்துப் பாருங்கள். கம்பி வளைந்து இணைப்பு நின்றால் பெயின்ட் அடித்து மாட்டலாம். விளக்குத் தாங்கி, கேபிள் நிறுத்தி போன்றவற்றுக்கும் இதே முறைதான். ஃபோர்க்கையும் பிரேமின் முக்கியக் குழாய் இணைப்புகளையும் வீட்டு டார்ச்சில் தொடாமல் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.