தோளை அமுக்கிய ஹார்னஸ்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக என் பழைய ஸ்விஃப்ட் காரில் ரேசிங் சீட்டும் ஃபோர் பாயிண்ட் ஹார்னஸும் (இரண்டு தோளையும் இடுப்பையும் பிடிக்கும், நாலு இடத்தில் மாட்டும் பெல்ட்) போட்டேன். வேலை செய்தவர் தோள் பெல்ட்டுகளைப் பின் சீட்டுக்கு அடியில், தரையோடு சேர்த்து போல்ட் போட்டுவிட்டார். முதல் நாளே வினை. பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் யாரோ இரண்டு தோளையும் பிடித்துக் கீழே அமுக்குவது போல இருந்தது. இடுப்பு பெல்ட் வேறு வயிற்றுக்கு ஏறிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து கோணம் பார்த்தேன். 50 டிகிரிக்கு மேல் சரிவு! மோதினால் அந்த இழுப்பு நேராக முதுகெலும்பில் இறங்கும். தோளிலிருந்து பின்னால் போகும் பெல்ட் கிட்டத்தட்ட கிடைமட்டமாக இருக்க வேண்டும். மிஞ்சினால் 20 டிகிரி இறக்கம்.

ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) வைத்து, அதன் குறுக்குக் குழாயில் பெல்ட்டைச் சுற்றியதும் கோணம் சரியானது. தொடைக்கிடையில் வரும் பெல்ட் உள்ள சிக்ஸ் பாயிண்டுக்கு மாறினேன். இடுப்பு பெல்ட் இப்போது எலும்பில்தான் உட்காருகிறது.

அப்புறம் சீட்டில் ஒரு 'டிக் டிக்' சத்தம். கார்பெட்டைத் தூக்கினால், சீட் போல்ட்டைச் சுற்றித் தரைத் தகடு குழிந்திருந்தது. சாதா வாஷர்! தரைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு கொடுத்து, 8.8 கிரேடு என்ற உறுதியான ரகப் போல்ட் போட்டேன். சத்தம் போச்சு.

கம்பெனி பெல்ட்டைக் கழற்றவில்லை. டிராக்குக்குப் போகாத நாளில் பழைய சீட்டை மாட்டி அதைத்தான் போடுகிறேன். கேஜ் குழாய் தலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் உதறல்தான்.