தையல்கடைக் குப்பைப் பையிலிருந்து ஒரு விரிப்பு: முதல்முறை தைப்பவர்களுக்கு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எந்தத் தையல்கடைக்குள் நுழைந்தாலும் இயந்திரத்துக்கு அடியில் கணுக்கால் உயரத்துக்குத் துணி கிடக்கும். ரவிக்கை வெட்டியது, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் வெட்டியது, பஞ்சாபி உடை வெட்டியது எல்லாம் கலந்து. ராத்திரி கடை சாத்தும்போது அதைக் கூட்டி, கறுப்புக் குப்பைப் பையில் கட்டி வெளியே வைத்துவிடுவார்கள். "அக்கா, அந்தப் பையை நான் எடுத்துக்கலாமா?" என்று முதல்முறை கேட்டபோது தையல்கார அக்கா என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். இப்போது அவரே பருத்தித் துண்டுகளைத் தனியாகப் பிரித்து வைக்கிறார்.

மலாய்க்காரர்கள் இந்தத் துண்டுகளைக் 'கைன் பெர்ச்சா' என்பார்கள். இவற்றை ஒட்டித் தைத்து, அடியில் இன்னும் இரண்டு அடுக்கு வைத்து ஒன்றாகப் பிடித்தால் அதுதான் குவில்ட். பெயரைக் கேட்டதும் பஞ்சு வைத்த தடித்த போர்வை, குளிர்நாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ரப்பர்த் தோட்டத்தில் என் பாட்டி பழைய வேட்டியையும் கைலியையும் அடுக்கி, நான்கு பக்கமும் குறுக்கிலும் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் சாதாரணத் தையல்) போட்டு வைத்திருப்பார். அம்மா பால் வெட்டப் போன நேரத்தில் ஆயாக் கொட்டகையில் நான் தூங்கியது அதன் மேல்தான். அவர் அதை 'ஒட்டு விரிப்பு' என்பார். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்கிறார்கள். நம் கந்தையும் அதுவும் ஒரே வேர்ச்சொல்.

நாம் தைக்கப்போவது ஒரு குழந்தைக்குப் போதுமான விரிப்பு. ஐந்து அங்குலச் சதுரம் 63. அகலத்துக்கு ஏழு, நீளத்துக்கு ஒன்பது. தைத்து முடித்தால் ஏறக்குறைய 32க்கு 41 அங்குலம் வரும். இயந்திரம் இல்லாவிட்டாலும் கையாலேயே தைக்கலாம். தயவுசெய்து முதல் விரிப்புக்குக் கடையில் போய்ப் புதுத் துணி வாங்காதீர்கள். காசு போட்ட துணியில் கத்தரிக்கோல் வைக்கக் கை நடுங்கும், பயந்து வெட்டினால் கோணலாகத்தான் போகும்.

துணி பொறுக்குவது

பருத்தி வேண்டும். நீளும் துணி, வழுக்கும் துணி, ஜரிகை, பட்டு எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பருத்தியா இல்லையா என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் பிடித்து நெருப்பு வையுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். பள்ளிச் சீருடைகள் பெரும்பாலும் இரண்டும் கலந்தவை. சேர்த்துக்கொள்ளலாம், இஸ்திரிச் சூட்டை மட்டும் குறைத்துவிடுங்கள்.

தையல்கடையை விட்டால் அடுத்த சுரங்கம் வீட்டு அலமாரி. பாத்திக் கைலி, அப்பாவின் கட்டம்போட்ட பெலிக்காட் கைலி, பழைய படுக்கை விரிப்பு. பெலிக்காட் என்ற பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து வந்ததுதான். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டிச் சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கிக் கீழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். துணியோடு ஊர்ப் பெயரும் கப்பலேறி வந்துவிட்டது. புதிதாக வெட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணி கிடையாது. கட்டமே கோடு.

பொறுக்கியதையெல்லாம் முதலில் துவையுங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றது சுத்தத்துக்கு மட்டும் அல்ல. புதுப் பருத்தி சுருங்கும், பழையது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் துவையலில் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொள்ளும். சிவப்பு, கருநீலம் இரண்டையும் வேண்டாத வெள்ளைத் துணி ஒன்றோடு தனி வாளியில் ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. என் முதல் விரிப்பில் 31 வெள்ளைச் சதுரமும் ரோஜா நிறமானது, ஒரே ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியால். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாயம் போடும்போதுதான் உப்பு உதவும். போட்டு முடித்த துணியில் அது ஒன்றும் செய்யாது.

வெட்டுவது

மைலோ பெட்டி அட்டையில் சரியாக ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் அச்சு. துணியை இஸ்திரி போட்டு, பின்பக்கத்தில் அச்சை வைத்துச் சாக்குக்கட்டியாலோ பென்சிலாலோ கோடு போட்டு வெட்டலாம்.

அச்சை எப்படி வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டு வாக்கிலும் இழுத்தால் அதிகம் நீளாது. மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி வரும். எனவே அச்சின் ஓரம் பாவு நூலோடு ஒத்துப்போக வேண்டும். தையல்கடைத் துண்டுகள் கோணல்மாணலாக இருக்கும். 'இந்த மூலையில் இடம் இருக்கிறதே' என்று குறுக்காக வைத்து வெட்டினால் அந்தச் சதுரம் தைக்கும்போது நீண்டு ஏமாற்றும். துணி வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே குப்பைக்குப் போகவிருந்த துணிதானே?

இன்னொன்று: துணிக்கு வைத்த கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கேட்க மாட்டார்கள், ஒளித்தும் வையுங்கள்.

மாற்றிக்கொள்வது

வெட்டி முடித்ததும் ஒரு சிக்கல் தெரியும். ஒரே பச்சைப் பூத்துணியில் 20 சதுரம் இருக்கும், மற்றபடி ஒன்றுமே இருக்காது. இங்கேதான் அக்கம்பக்கம் தேவைப்படுகிறது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒன்பது பேர். கணக்கு எளிது: ஆளுக்கு ஒரே துணியில் ஒன்பது சதுரம் வெட்டிக் கொண்டுவர வேண்டும். தனக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்ற எட்டுப் பேருக்கும் ஒவ்வொன்று. வீட்டுக்குப் போகும்போது கையில் ஒன்பது வகைத் துணி. மாதம் ஒருமுறை கூடினால் ஏழு மாதத்தில் 63. அவசரம் என்றால் ஆளுக்கு ஏழு வகை கொண்டுவந்து ஒரே மாலையில் முடிக்கலாம். ஆனால் கறிபாப்பும் தேநீரும் ஏழு தடவை கிடைப்பதை யார் விடுவார்கள்?

விதிகளை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் மனத்தாங்கல் வரும். பருத்தி மட்டும். துவைத்து இஸ்திரி போட்டது. அளவுக்கு ஒரே அட்டை அச்சு. நாங்கள் ஒரே பெட்டியில் ஒன்பது அச்சு வெட்டிக் கொடுத்துவிட்டோம், ஏனென்றால் ஆளுக்கு ஆள் ஐந்து அங்குலம் மாறுகிறது! கறையோ ஓட்டையோ இருந்தால் வேண்டாம். உங்களுக்கு வந்தால் சந்தோஷப்படுவீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இவ்வளவு போதும். நிறம் பொருந்த வேண்டும் என்று விதி வைக்காதீர்கள். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கொண்டுவரும் பாத்திக் துண்டும், பக்கத்து வீட்டுச் சீன அம்மா தரும் சின்னச் சின்னப் பூத்துணியும் நான் கடையில் பார்த்தால் கையில் எடுத்திருக்க மாட்டேன். என் விரிப்பில் முதலில் கண் போவது அங்கேதான்.

ஒவ்வொருவரும் ஒரு சதுரத்தில் பெயரைத் தைத்துக் கொடுக்கும் வழக்கமும் எங்களிடம் உண்டு. 1942-ல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள் இப்படி மூன்று விரிப்பு தைத்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். ஆண்களை வேறு இடத்தில் வைத்திருந்ததால், சதுரத்தில் தைத்த பெயர்தான் 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சேதி. அவற்றில் இரண்டு இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

ஒட்டித் தைப்பது

சதுரங்களைத் தரையில் ஏழுக்கு ஒன்பதாகப் பரப்புங்கள். கருத்தது ஒன்று, வெளுத்தது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தால் நான்கு மூலையிலும் கருத்தது வரும் (32 கருத்தது, 31 வெளுத்தது). கொஞ்சம் தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்றில் எல்லாம் பறந்தால் படத்தைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம்.

இரண்டு சதுரத்தின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையுங்கள். கால் அங்குலம் என்றால் கால் அங்குலமேதான். தமிழ்ப்பள்ளி வாய்ப்பாட்டில் மாகாணி என்று படித்தோமே, பதினாறில் ஒரு பங்கு, அந்த மாகாணி அளவு ஒவ்வொரு சதுரத்திலும் தவறினால் ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போய்விடும். நீளத்தில் எட்டுத் தையல். எட்டு அரைக்கால் ஒன்று. விரிப்பு ஒரு முழு அங்குலம் குட்டையாக நிற்கும்! கையால் தைப்பவர்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், சிக்கல் விழும். அங்குலத்துக்கு எட்டு ஓட்டுத் தையல், தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று தையலைத் திருப்பிப் போட்டு இறுக்குங்கள். முதலில் ஏழு ஏழாகத் தைத்து ஒன்பது வரிசை. பிறகு இஸ்திரி. முதல் வரிசையின் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் படிய வையுங்கள், அடுத்த வரிசையில் இடப்பக்கம், அதற்கடுத்து வலம். அப்போது வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றில் ஒன்று பொருந்தி, மூலைகள் தாமாக நேர்கோட்டில் வரும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள், தேய்த்தால் சதுரம் நீளும்.

மூன்று அடுக்கு

அடியில் பாத்திக் கைலி ஒன்று, மூட்டிய தையலைப் பிரித்து 36க்கு 45 அங்குலமாக வெட்டியது. அதன் நல்ல பக்கம் தரையைப் பார்க்கட்டும். நடுவில், கடைகளில் விற்கும் பஞ்சு விரிப்புக்குப் பதில், பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து மேல்துணி அளவுக்கு வெட்டி வையுங்கள். நம் வெப்பத்துக்கு அது போதும், சீக்கிரம் காயவும் செய்யும். மேலே நீங்கள் தைத்த சதுரங்கள். மூன்றையும் சுருக்கமில்லாமல் நீவி, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி நடுச் சதுரத்திலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று அடுக்கும் சேர ஓட்டுத் தையல். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்தால் தையல் பளிச்சென்று தெரியும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி குவிந்து புடைக்கும், பிரிப்பதைத் தவிர வழியில்லை. பொறுமை இல்லாதவர்கள் ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிச்சுப் போட்டு முடிப்பார்கள். தவறில்லை, ஆனால் கைக்குழந்தைக்கு என்றால் தையலே போடுங்கள், முடிச்சு நுனி வாய்க்குள் போகும்.

ஓரத்துக்குத் தனிப் பட்டை வேண்டாம். கைலியை மேல்துணியைவிட ஓர் அங்குலம் வெளியே விட்டு வெட்டி, அரை அங்குலம் மடித்து, இன்னொரு முறை மேல்துணியின் மேல் மடித்து, மடிப்பு ஓரத்தை மேல்துணியோடு சின்னச் சின்னத் தையலாகப் பிடித்து ஹெம்மிங் போடுங்கள். தற்காலிகத் தையல்களை உருவிவிட்டு ஒருமுறை துவையுங்கள். தையல் போட்ட இடங்களுக்கு நடுவே துணி லேசாகச் சுருங்கி மேடுபள்ளமாக வரும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும். காலையிலேயே கொடியில் போடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எங்கள் ஊர் வானத்தை நம்ப முடியாது.