'சரி' என்ற பதிலை நம்பி விட்டுவிடாதீர்கள்

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான தெனெரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டதில் 583 பேர் உயிரிழந்தனர். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல என்றாலும், இருவர் பேசிக்கொண்ட சில சொற்களை மறந்துவிட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது. அவற்றுள் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் துணை விமானி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம், "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். புறப்படத் தயாராக நிற்கிறோம் என்றும், புறப்பட்டு ஓடத் தொடங்கிவிட்டோம் என்றும் அதைக் கொள்ளலாம். முதல் பொருளை எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். சற்று நிறுத்தி, காத்திருக்கும்படியும் சொன்னார். அதே நொடியில் மற்றொரு விமானமான, அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானம், தான் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகத் தெரிவித்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்களும் மோதியதால், கே.எல்.எம். விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது அந்த 'ஓகே' மட்டும்தான்.

நாம் அன்றாடம் செய்யும் முதல் தவறும் இதுவே. 'சரி' என்பது கேட்டேன் என்றும், புரிந்தது என்றும், ஒப்புக்கொள்கிறேன் என்றும், செய்துவிடுகிறேன் என்றும் பொருள்படும். சொல்பவர் இவற்றுள் ஒன்றை நினைக்க, கேட்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். வானூர்தித் துறை இதற்குக் கண்ட தீர்வு, கேட்ட கட்டளையைக் கேட்டவரே திருப்பிச் சொல்வது. அத்துடன், 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதோ அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ தவிர வேறெங்கும் பயன்படுத்துவதில்லை என்ற வழக்கமும் வேரூன்றியது. "மாலை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், அப்படித்தானே?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்பதை நம் வீடுகளில் சந்தேகப்படுவதாகவோ மரியாதைக் குறைவாகவோ எண்ணுகிறோம், இந்த எண்ணம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எண்களைச் சொல்வதிலும் கவனம் தேவை. தொலைபேசியில் 'பிஃப்டீன்' என்பதும் 'பிஃப்டி' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். 'பதினைந்து', 'ஐம்பது' என்று தமிழில் சொன்னால் அந்தக் குழப்பமே எழாது.

இன்னொரு தவறு, அவசரத்தைப் பணிவால் மறைப்பது. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா 52 விமானம், நெரிசலாலும் மோசமான வானிலையாலும் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி 'முன்னுரிமை' கேட்டார், எரிபொருள் குறைகிறது என்றும் சொன்னார். ஆனால், தலைமை விமானி நெருக்கடியை அறிவிக்கச் சொல்லியும், 'நெருக்கடி நிலை' என்ற அந்த ஒரு சொல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரவில்லை. எரிபொருள் முற்றிலும் தீர்ந்து விமானம் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். அந்தச் சொல்தான் வரிசையை உடைத்து வழிவிடச் செய்திருக்கும். 'முன்னுரிமை' அதைச் செய்யவில்லை.

நம் பெரியவர்கள் நெஞ்சு வலியை "லேசாக ஒரு மாதிரி இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற அன்பில் பிறக்கும் பேச்சு அது. அதைக் கேட்கும் நாமும் 'லேசாக' என்பதைப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடைகிறோம். மாறாக, எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். 108-ஐ அழைக்கும்போதும், "உடம்பு கொஞ்சம் முடியவில்லை, சீக்கிரம் வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "அரை மணி நேரமாக நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுகிறது" என்று சொல்லி, ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைத் தெரிவித்து, எதிர்முனையில் இருப்பவரிடம் முகவரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே தொலைபேசியை வைக்க வேண்டும்.